பிரதியும் முடிச்சும்

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

மட்டக்களப்பு, கல்லடியில் நடக்கும் துணி, அச்சோவியக் கண்காட்சியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, மருதமுனையிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். இரண்டு விடயங்கள் மனத்தை உறுத்துகின்றன. ஒரே படத்தைப் பன்னிரண்டு தாள்களில் அச்சிட்டு, ஒவ்வொன்றையும் அசல் என்று விற்பது எப்படிச் சரியாகும்? அடுத்தது, அங்கே தொங்கிய துணிகளில் பல எங்கள் ஊர்ச் சாரத் துணிகள். என் வாப்பா நாற்பது வருடம் தறியில் இருந்தவர். அவர் நெய்ததை ஒருவரும் கலை என்று சொன்னதில்லை. ஒரு முடிச்சு மேலே தெரிந்தால் முதலாளி விலையைக் குறைத்துவிடுவார். அதே துணியில் ஒரு படத்தைப் பதித்துவிட்டால் அது கலையாகிவிடுமா?

ஒரு வாசகி, மருதமுனை

அன்புள்ள சகோதரிக்கு,

முதற் கேள்விக்கு என்னிடம் தெளிவான பதில் இருக்கிறது. இரண்டாவதில் நான் பெருமளவு உங்கள் பக்கம் நிற்கிறேன். என் கட்டுரையில் அதை எழுதாமல் விட்டது என் பிழை.

பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்களை நான்கு நிறங்களில் காட்டும் லினோ அச்சை, அதாவது லினோலியப் பலகையைச் செதுக்கி மை பூசி எடுத்த படத்தை, பார்த்திருப்பீர்கள். அதற்கு ஒரே ஒரு பலகைதான். வெள்ளையாக இருக்கவேண்டிய இடங்களை முதலில் செதுக்கி எடுத்துவிட்டு எல்லாத் தாள்களிலும் மஞ்சளை அச்சிடுகிறார். பிறகு மஞ்சளாகவே நிற்கவேண்டிய இடங்களையும் அதே பலகையிலிருந்து செதுக்கி நீக்கிவிட்டு, மஞ்சளின் மேல் செம்மண் நிறத்தை ஏற்றுகிறார். இப்படி ஒவ்வொரு நிறத்துக்கும் பலகை தேய்ந்துகொண்டே போய், கடைசியில் கறுப்புக்கு உரிய கோடுகள் மட்டுமே அதில் எஞ்சுகின்றன. பதின்மூன்றாவது தாளை அவர் விரும்பினாலும் எடுக்க முடியாது. படத்தின் கீழே பென்சிலால் 5/12 என்று எழுதியிருப்பது அந்தப் பன்னிரண்டில் இது ஐந்தாவது என்பதைத்தான் சொல்கிறது. நிழற்படப் பிரதி எடுப்பவர் கையில் முதலில் ஒரு மூலம் இருக்கும். இங்கே தாள்களுக்கு வெளியே படம் என்று ஒன்று எங்கும் இல்லை, பலகையிலும் அது இடம் வலம் மாறிய பள்ளங்களாகவே கிடக்கிறது. ஆகவே பன்னிரண்டும் அசல் என்பதில் ஏமாற்று ஏதும் இல்லை.

இனி உங்கள் வாப்பாவின் விடயம். எறிவலை ஒன்றின் கண்ணிகளைக் கட்டம் போட்ட சாரத் துணியின் மேல் கறுப்பு மையில் பதித்திருந்த துணியருகே நான் நெடுநேரம் நின்றேன். வலையின் நடுவில் ஓரிடத்தில் கறுப்புத் திட்டு ஒன்றும், அதைச் சுற்றி மை ஏறாத மெல்லிய வெள்ளை வளையமும் தெரிந்தன. குனிந்து பார்த்தபோதுதான் அது அறுந்த நூலை நெசவாளர் இணைத்துப் போட்ட முடிச்சு என்று விளங்கியது. முடிச்சு மேடாக நின்றதால் அதன் தலையில் மை அப்பியிருக்கிறது; அதைச் சூழ்ந்த துணி பலகையைத் தொடாமல் விலகி நின்றதால் வெள்ளையாகிவிட்டது. முதலாளி விலை குறைக்கும் அந்த முடிச்சுத்தான் முழுத் துணியிலும் என் கண் திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம். ஓவியரின் கையும் நெசவாளரின் கையும் ஒன்றையொன்று தொட்டது அங்கேதான்.

தறியில் ஊடை நூலை, அதாவது குறுக்கே ஓடும் நூலை, அடித்து நெருக்கும் சீப்புப் போன்ற கருவிக்கும் அச்சு என்றே பெயர் என்பது உங்கள் வாப்பாவுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்தத் துணி இரண்டு அச்சுகளைக் கடந்து சுவருக்கு வந்திருக்கிறது. பெயர்ச்சீட்டிலோ ஓவியரின் பெயர், ஆண்டு, ‘கைத்தறித் துணியில் அச்சு’ என்ற மூன்று சொற்கள், விலை, அவ்வளவுதான். காகிதத்தைச் செய்தவரின் பெயரை யாரும் போடுவதில்லையே என்று ஒருவர் கேட்கலாம். காகிதம் அந்தப் படத்துக்குள் வந்து பேசவில்லை. அந்தத் துணியின் கட்டங்கள் வலையின் கண்ணிகளோடு சேர்ந்துதான் படமாகின்றன. ஜப்பானில் 1831ஆம் ஆண்டளவில் ஓவியர் ஹொகுசாய் வரைந்து வெளிவந்த பேரலை அச்சிலும் வரைந்த கை ஒன்று, மரத்தைச் செதுக்கிய கை வேறு, தாளில் பதித்த கை வேறு. உலகம் வரைந்தவரை மட்டுமே அறியும். அதே வழக்கத்தை நாமும் இங்கே தொடரவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

அதுவும் மருதமுனைத் தறிக்கு இப்படி நேர்வது எனக்குக் கூடுதலாக வலிக்கிறது. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது, மலிவான துணியோடு போட்டியிட முடியாமல் நாட்டில் எத்தனையோ தறிகள் ஓய்ந்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் உங்கள் ஊரின் கரையோர வீடுகளோடு தறிகளையும் கொண்டுபோனது. இவ்வளவுக்கும் பிறகு யாரோ ஒருவர் பாவு, அதாவது நெடுக்கு நூல், கட்டி, மிதியில் கால் வைத்து நெய்த துணி அது. அவருடைய பெயர் சீட்டில் ஒரு வரிக்குத் தகுதியானது.

ஓவியரிடம் இதைக் கேட்டேன். கடையில் வாங்கியதாகவும், நெய்தவரைத் தெரியாது என்றும் சொன்னார். அவருடைய திறமையில் எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. ஆனால் எந்தத் துணி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும், அதை அவர் விசாரித்திருக்க வேண்டும்.

அந்த வலைத் துணி வாசலின் இடப்பக்கம் மூன்றாவதாகத் தொங்குகிறது. வாப்பாவால் பயணம் செய்ய முடியுமானால், கண்காட்சி முடிவதற்குள் அவரை அழைத்துப் போய்க் காட்டுங்கள். பாவின் நெருக்கத்தையும் கரையையும் முடிச்சுப் போட்ட விதத்தையும் பார்த்து, அது எந்த வீட்டுத் தறி என்று அவர் சொல்லக்கூடும். சொன்னால் எனக்கு எழுதுங்கள். அந்தப் பெயரை நானே ஓவியரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.