மங்கோலிய மல்யுத்த வீரர்களின் சட்டை ஏன் மார்பு திறந்தபடி இருக்கிறது?

மங்கோலியாவின் விளையாட்டுத் திருவிழாவான நாடத்தில் மல்யுத்தத்தைப் பார்க்கும் எல்லாருக்கும் முதலில் எழும் கேள்வி இதுதான். அந்தச் சட்டையின் பெயர் ஸோடோக். முதுகையும் கைகளையும் இறுக்கிப் பிடிக்கும். முன்பக்கம் முழுக்கத் திறப்பு, வயிற்றருகே ஒரு கயிற்று முடிச்சு மட்டும்.

முன்பு ஒரு பெண் ஆண் வேடத்தில் வந்து எல்லாரையும் வீழ்த்திவிட்டாள், இனி அப்படி நடக்கக் கூடாது என்றுதான் மார்பைத் திறந்துவிட்டார்கள் என்று மங்கோலியர்கள் சொல்வார்கள். இது வாய்வழிக் கதை. ஆனால் கதைக்குப் பின்னால் பலர் நினைப்பது கைடு கான் என்ற மங்கோலிய ஆட்சியாளரின் மகள் குதுலூனை. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவள். தன்னை மணக்க விரும்புகிறவன் தன்னோடு மோத வேண்டும், தோற்றால் குதிரைகளைக் கொடுக்க வேண்டும் என்று அவள் நிபந்தனை வைத்ததாக மார்கோ போலோ குறிப்பிடுகிறார். இன்றும் நாடம் மல்யுத்தக் களம் ஆண்களுக்கு மட்டும்தான். வில்வித்தையிலும் குதிரைப் பந்தயத்திலும் பெண்கள் இறங்குகிறார்கள்.

சட்டையைவிட என்னைக் கவர்ந்தது போட்டி முடியும் விதம். எடைப் பிரிவே கிடையாது. வழக்கமாக 512 பேர், 9 சுற்றுகள். முழங்காலோ முழங்கையோ தரையைத் தொட்டால் தோல்வி. தோற்றவர் வென்றவரின் கைக்கு அடியில் குனிந்து கடந்து போவார். வென்றவர் கைகளை விரித்து, கழுகு பறப்பதுபோல் மெல்ல ஆடுவார். ஐந்து சுற்று வென்றால் வல்லூறுப் பட்டம், ஏழு வென்றால் யானை, கடைசி வரை நின்றவர் சிங்கம். யானையும் சிங்கமும் அந்தப் புல்வெளிகளில் கிடையாது. அப்புறம், வென்றவருக்கு ஆருல் எனும் உலர்ந்த தயிர்க்கட்டி தருவார்கள். அதில் கொஞ்சத்தைக் கூட்டத்தை நோக்கி வீசுவார்.