ஆமைக்குட்டிக்கு மூச்சு வாங்குகிறதா?

மழை தொடங்கியதும் ஆமைக்குட்டிகளைப் பற்றிய கேள்விகள் வரிசை கட்டுகின்றன. பெரும்பாலும் சிவப்புக்காது ஆமைகள்தான். மீன் கடையில் வாங்கியவை, பிறந்த நாள் பரிசாக வந்தவை. குட்டியாக இருக்கும்போது இவற்றுக்கு வரும் நோய்களில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது நுரையீரல் தொற்று.

என் குட்டியின் ஓடு 5 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஒரு வாரமாக மூக்கில் குமிழி வருகிறது, வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. இரண்டு நாளாக ஒரு பக்கமாகச் சாய்ந்தே மிதக்கிறது, சாப்பிடவும் இல்லை. தொட்டி ஏசி அறையில் இருக்கிறது. பயப்பட வேண்டுமா, டாக்டர்?
— ஒரு தாய், சென்னை

ஆமாம், இதைத் தள்ளிப்போடாதீர்கள். இன்றோ நாளையோ கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

தண்ணீருக்குள் மூச்சு விடும்போது நாலு குமிழி வருவது இயல்பு. வெயில் காயும் மேட்டில் ஏறி உட்கார்ந்த பிறகும் மூக்கில் குமிழி நின்றால் அது சளி. எப்போதாவது வரும் கொட்டாவிக்கும் பயம் இல்லை. ஆனால் கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து மூச்சிழுத்தால் அது திணறல். ஆமையின் நுரையீரல்கள் முதுகு ஓட்டுக்கு நேர் கீழே இருக்கின்றன. அது மிதப்பதற்கும் அவைதான் உதவுகின்றன. ஒரு பக்க நுரையீரலில் சளி நிறைந்தால் அந்தப் பக்கம் கனத்துத் தாழும். குடலில் வாயு சேர்ந்தாலும் சாய்ந்து மிதக்கலாம், எக்ஸ்ரே எடுத்தால் எதுவென்று தெரிந்துவிடும். நம்மைப் போல இருமிச் சளியை வெளியேற்ற ஆமையால் முடியாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து இருமலுக்கு உதவும் உதரவிதானம் என்ற தசையே அதற்குக் கிடையாது. உள்ளே சேர்ந்தது உள்ளேயே தங்கும். நமக்கு அறிகுறி தெரியும்போது நோய் ஏற்கெனவே முற்றியிருக்கும்.

இனி உங்கள் ஏசி. ஆமையின் உடலுக்குச் சொந்தச் சூடு கிடையாது. தண்ணீர் குளிர்ந்தால் அதன் நோய் எதிர்ப்புச் சக்தியும் மந்தமாகிவிடும். குட்டிகளுக்குத் தண்ணீர் 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். நோயுற்ற நாட்களில் 28, 29 டிகிரியில் வையுங்கள். கையை விட்டுப் பார்த்துச் சொல்லாதீர்கள், ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். வெயில் காயும் மேடு 32 டிகிரியாவது இருக்கட்டும். தண்ணீர் சூடாக இருந்து, மேலே அது மூச்சிழுக்கும் காற்று சில்லென்று இருந்தாலும் ஆகாது. ஆகவே தொட்டியை ஏசி அறையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீரின் ஆழம். தளர்ந்த ஆமை மூழ்கி இறந்துபோகும், இதைப் பலர் நம்புவதில்லை. தரையில் நின்றபடியே தலையைத் தூக்கினால் மூக்கு வெளியே வருகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். மருத்துவரிடம் கொண்டு போகும்போது தண்ணீரே வேண்டாம். ஒரு டப்பாவில் காற்றுத் துளை போட்டு, வெதுவெதுப்பான ஈரத்துணி விரித்து, குளிர்காற்றுப் படாமல் எடுத்துச் செல்லுங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவராக இருந்தால், ஆமை பார்க்கும் மருத்துவர் யாரென்று அவரிடமே கேளுங்கள். சென்னையில் இருப்பதால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் விசாரிக்கலாம்.

குட்டியின் கண்ணும் வீங்கியிருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். காய்ந்த இறால் மட்டுமே தின்று வளரும் குட்டிகளுக்கு வைட்டமின் ஏ குறையும். அதனால் மூக்கு, மூச்சுக்குழல்களின் உட்சவ்வு கெட்டு, தொற்று எளிதாக ஏறிவிடும். அதற்காக நீங்களாகக் கேப்சூலை உடைத்து ஊற்ற வேண்டாம், வைட்டமின் ஏ அதிகமானால் தோல் உரிந்துவிடும்.

மருத்துவர் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் ஊசி என்கிறார், அதுவும் முன்னங்காலில் போடுகிறார். இது போதுமா? வீட்டில் இருக்கும் சளி மருந்தும் இரண்டு சொட்டு கொடுக்கலாமா?
— கல்லூரி மாணவர், மதுரை

போதும் தம்பி. ஆமையின் உடல் மெதுவாக இயங்குவதால் சில மருந்துகள் அதன் ரத்தத்தில் நாள் கணக்கில் தங்கும். செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக் அப்படிப்பட்ட ஒன்று. பின்னங்காலில் போட்டால் அந்த ரத்தம் முதலில் சிறுநீரகத்துக்குப் போய், மருந்து உடலில் பரவும் முன்பே வெளியேறிவிட வாய்ப்புண்டு, அதனால்தான் முன்னங்கால். இரண்டு ஊசியிலேயே குட்டி சாப்பிடத் தொடங்கலாம். அப்போதும் பாதியில் நிறுத்தாமல் முழுவதும் போட்டு முடியுங்கள். மனிதர்களின் சளி மருந்து ஒரு சொட்டுகூட வேண்டாம்.

தனியாக இருக்கிறதே என்று இன்னொரு குட்டி வாங்கினேன். எத்தனை நாள் பிரித்து வைக்க வேண்டும்?
— வாசகர், கோவை

90 நாள். நீளமாகத் தோன்றும், ஆனால் குறைக்காதீர்கள். ஒரு குடும்பம் மூன்று வாரம் பிரித்து வைத்திருந்து, புதுக்குட்டி நன்றாக இருக்கிறதே என்று பழைய ஆமையோடு சேர்த்துவிட்டது. அடுத்த மாதம் இரண்டையும் என் மேசையில் வைத்தார்கள். பழையதை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அதிலிருந்து நாள் கணக்கில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

வேறு தொட்டி என்றால் வேறு அறை, வேறு வலை, வேறு வாளி, வேறு பில்டர். முதலில் பழைய ஆமைக்கு உணவு போட்டுச் சுத்தம் செய்யுங்கள், அப்புறம் புதியது. இந்த வரிசை மாறக்கூடாது. இடையில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். குட்டி என்றால் எடை ஏற வேண்டும். நின்றாலோ இறங்கினாலோ மற்ற அறிகுறிகளுக்கு முன்பே அது காட்டிக்கொடுத்துவிடும். புழு இருக்கிறதா என்று மலத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நாய்க்கும் மாட்டுக்கும் கொடுக்கிற ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து மட்டும் ஆமைக்கு வேண்டவே வேண்டாம், உயிரையே எடுத்துவிடும்.

இன்னொன்று. சிவப்புக்காது ஆமைக்குத் துணை தேவையில்லை. ஒரே தொட்டியில் இரண்டு இருந்தால் பலமானது மற்றதை மேட்டில் ஏறவிடாது, கடிக்கவும் செய்யும். மூன்று மாதம் கழித்தும் தனித்தனியே வைக்க முடிந்தால் அதுவே நல்லது.

'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருக்கிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை வேறு. ஆமையின் சளி குழந்தைக்கு ஒட்டுமா?
— வாசகி, திருச்சி

ஆமையின் சளியைவிட, வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரவைக்கும் சால்மொனெல்லா கிருமியை நினைத்துத்தான் கவலைப்பட வேண்டும். நன்றாக இருக்கும் ஆமையின் மலத்திலும் தொட்டித் தண்ணீரிலும் அந்தக் கிருமி இருக்கலாம். குழந்தைகள் குட்டி ஆமையை வாயில் வைத்து நோயுற்றதால்தான் அமெரிக்காவில் 1975 முதல் ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்கத் தடை இருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஆமையைத் தொடாமல் இருப்பதே நல்லது. தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள். மாமியாரின் பயத்துக்குக் காரணம் வேறாக இருக்கலாம், ஆனால் பேரக்குழந்தையை ஆமையிடமிருந்து தள்ளி வைக்கச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைத்தியம் பார்த்துச் சலித்துவிட்டது. ஊர் ஏரியில் விட்டுவிடலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

தயவுசெய்து வேண்டாம். இது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த இனம். பிழைத்துக்கொண்டால் நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடுங்கும். நோயோடு போனால் அதையும் அவற்றுக்குக் கொடுக்கும். உங்களால் முடியவில்லை என்றால் உங்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஆமை வளர்த்துப் பழகிய வேறு ஒருவரிடம் ஒப்படைக்க அவர் வழி சொல்லக்கூடும். அதுவரை தண்ணீரை மட்டும் 28 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.