உம்முடைய அட்டைக்குப் பயம், அம்மாவின் அட்டைக்குப் பயமில்லையா?

கேள்வி: எனக்கு 20 வயது, ஊர் கோண்டாவில். 2020 ஊரடங்கு நேரம் ரோப்லொக்ஸ் விளையாடத் தொடங்கினேன். என்னுடைய பயனர் எண் பத்து இலக்கம். ஆரம்பத்திலேயே சேர்ந்தவர்களுக்கு நாலு, ஐந்து இலக்கத்தில் எண் இருக்கும், அதற்குத் தனி மதிப்பு. ஒன்லைனில் பழக்கமான ஒருவர், கம்பனி ஒதுக்கிவைத்து இன்னும் யாருக்கும் கொடுக்காத ஐந்து இலக்க எண் ஒன்றை 60,000 ரூபாவுக்கு என் பெயருக்கு எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். 15,000 அனுப்பிவிட்டேன். ஆளை உறுதிப்படுத்த அடையாள அட்டை கேட்டார். என்னுடையதை அனுப்பப் பயமாக இருந்ததால் அம்மாவுடையதைப் படமெடுத்து அனுப்பினேன். அம்மா வீட்டில் தையல் வேலை செய்கிறவ, அவவுக்கு இது தெரியாது. இப்போது மிச்சக் காசைக் கேட்கிறார். அப்படியான வெற்று எண்கள் உண்மையாகவே இருக்கின்றனவா? கட்டலாமா?

பதில்: தம்பி, கட்ட வேண்டாம். 15,000 போனது போனதுதான்.

வெற்று எண்கள் இருக்கின்றன, அதில் அந்த ஆள் பொய் சொல்லவில்லை. டொக்டரைப் பார்க்க நம்பர் எடுத்துச் சனல் பண்ணப் போன இடத்தை நினைத்துப் பாரும். முதல் சில நம்பர்களை அவர்கள் தங்கள் தேவைக்கு எடுத்து வைத்திருப்பார்கள். 14ஆம் நம்பர்காரர் காசு கட்டாமலே போய்விடுவார். அதற்காக 15ஐ 14 ஆக்குவதில்லை, அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். விளையாட்டிலும் ஏறக்குறைய இதுதான். ஒருவர் பதியத் தொடங்கியதும் கணினி அடுத்த எண்ணை எடுத்துவிடும். பதிவு பாதியில் நின்றாலும் அந்த எண் திரும்பிப் போகாது. தொடக்கத்தில் சில எண்களைக் கம்பனியே வைத்துக்கொள்ளும். ரோப்லொக்ஸில் 1ஆம் எண் கம்பனியின் சொந்தக் கணக்கு. 2 ஜோன் டோ, 3 ஜேன் டோ, பெயர் தெரியாத ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆங்கிலத்தில் வைக்கிற பெயர்கள்.

அழிந்துபோன கணக்கின் எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்காததற்கும் காரணம் இருக்கிறது. பழைய ஆள் அனுப்பிய செய்தி, வாங்கிய பொருள், அவருக்கு விதித்த தடை எல்லாம் பெயரோடு இல்லை, எண்ணோடுதான் ஒட்டியிருக்கும். 14ஆம் நம்பர்காரரின் மருந்துத் துண்டை இன்னொரு நோயாளியிடம் நீட்டினால் என்ன நடக்கும்? அதுதான் இங்கேயும் நடக்கும். ஆகையால் கணக்குத் திறக்கும்போது கணினி கொடுக்கிற எண்தான் உமக்கு. வெளியில் நிற்கிற ஒருவர் வெற்று எண்ணை எடுத்து உம் பெயருக்கு எழுத வழியே இல்லை. மிஞ்சிப்போனால் யாரோ ஒருவருடைய பழைய கணக்கின் கடவுச்சொல்லைத் தருவார். கணக்கை விற்பதும் வாங்குவதும் ரோப்லொக்ஸின் விதிகளுக்கு மாறானது. பிடிபட்டால் அதுவும் போய்விடும்.

சரி, எண்ணின் கதை அவ்வளவுதான். இந்தப் பக்கத்துக்கு ஒன்லைனில் காசு விட்ட பிள்ளைகளின் கடிதம் எத்தனையோ வந்திருக்கிறது. உம்முடைய கடிதத்தில் என்னால் தாண்டிப் போக முடியாமல் இருப்பது ஒரு வரி. 'என்னுடையதை அனுப்பப் பயமாக இருந்ததால் அம்மாவுடையதை.'

அதை எழுதும்போது உமக்குக் கை கூசவில்லையா? பயம் வந்தது என்றால் ஆபத்து இருக்கிறது என்று உமக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அந்த ஆபத்துக்கு முன்னால் அம்மாவைக் கொண்டுபோய் விட்டிருக்கிறீர். 15,000 ரூபா ஏமாந்ததை அறியாத்தனம் என்று மன்னிக்கலாம். இது அறியாத்தனம் இல்லை, தம்பி.

அந்த அட்டையை எடுத்து ஒருதரம் வாசித்துப் பாரும். அம்மாவுடையது பழைய அட்டை என்றால் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 1972 பெப்ரவரி 10 பிறந்த பெண்ணின் எண் 72541 என்று தொடங்கும். 2016 முதல் கொடுக்கிற 12 இலக்க எண்ணில் வருடம் முழுதாகவே இருக்கிறது. உம்முடைய விளையாட்டு எண் நீர் எப்போது வந்து சேர்ந்தீர் என்பதை மட்டும் காட்டும். அம்மாவின் எண்ணில் அவ பிறந்த நாளே இருக்கிறது. பின்பக்கத்தில் வீட்டு விலாசம். அது போதும், ஒருவன் அவவின் பெயரில் சிம் எடுக்கப் பார்ப்பான், கடன் கேட்டுப் பார்ப்பான். நாளைக்கு வேறு ஒருவனை ஏமாற்றிவிட்டு 'நான்தான்' என்று அவவின் அட்டையைக் காட்டுவான். தேடி வருகிறவர்கள் உம்முடைய வாசலுக்குத்தான் வருவார்கள். கதவைத் திறக்கப் போவது அம்மா.

உம்முடைய வயதுக்கு இது தெரியாமல் இருக்கலாம். எங்களுக்கு அந்த அட்டை வெறும் மட்டை இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கி வர, யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் முழுதும் மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தபோது, என் மாமி வீட்டுச் சாமானில் பாதியை விட்டுவிட்டு வந்தா. தாலிக்கொடியும் எல்லாருடைய அடையாள அட்டைகளும் மட்டும் ஒரு பொலித்தீன் பைக்குள், நெஞ்சோடு. பிறகு வந்த வருடங்களில் அட்டை இல்லாமல் சோதனைச்சாவடிக்கு முன்னால் நிற்பது என்னவென்று உம்முடைய அம்மாவைக் கேளும். அவவுக்கு அது மறந்திருக்காது. அப்படிக் காத்த ஒன்றைத்தான் நீர் ஐந்து இலக்கத்துக்காக முகம் தெரியாத ஒருவனுக்கு அனுப்பியிருக்கிறீர். தாயின் பெயரைக் காப்பது பிள்ளையின் கடமை என்று நான் நம்புகிறேன், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

இனி செய்ய வேண்டியது. அந்த ஆளோடு பேசியதை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர். எல்லாவற்றையும் படமெடுத்து வையும், காசு அனுப்பிய துண்டையும் எடுத்து வையும். அவனுக்கு ஒரு வரிகூட எழுத வேண்டாம், 'முழுக் காசும் கட்டினால் அட்டைப் படத்தை அழிக்கிறேன்' என்று சொன்னாலும் எழுத வேண்டாம். உம்முடைய கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றும். பிறகு இன்று இரவே, அம்மா தையல் மெசினை மூடி வைத்ததும், பக்கத்தில் போய் இருந்து சொல்லும். காசு போனதை மட்டும் சொல்லித் தப்பப் பார்க்காதீர். 'எனக்குப் பயமாக இருந்தது, அதனால் உங்களுடையதை அனுப்பினேன்' என்ற அந்த வரியை, எனக்கு எழுதியபடியே, அவவின் முகத்தைப் பார்த்துச் சொல்லும். ஏசினால் வாங்கிக்கொள்ளும். அழுதால் எழுந்து போகாதீர்.

காலையில் பொலிஸில் முறைப்பாடு எழுதிப் பிரதி வாங்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 'ஒன்லைன் காசுதானே' என்று யாராவது தட்டிக் கழித்தால் அதைச் சொல்லும். அந்தப் பிரதியோடு அம்மாவின் வங்கிக்கும் தொலைபேசிக் கம்பனிகளின் கிளைகளுக்கும் போய், அவவின் அட்டை எண்ணில் புதிதாக ஏதாவது திறந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். அட்டைக்காரர் அவ என்றபடியால் அவவும் வரத்தான் வேண்டும். தைக்க வந்த துணிகளை அன்றைக்கு ஒதுக்கி வைக்கச் சொல்லி நீரே கூட்டிக்கொண்டு போம். நடந்தது என்னவென்று பொலிஸ் கேட்டால் அம்மாவைப் பேச விடாதீர். நீர் சொல்லும்.