37 நிமிடத்தில் ஒரு மலை

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் தென்காசியைச் சேர்ந்தவள், சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கல்லூரித் தோழி ஒருத்தியும் நானும் வரும் செப்டம்பரில் ஆளுக்கொரு முதுகுப்பையுடன் இத்தாலிக்குப் போகிறோம். 12 நாட்கள், 9 நகரங்கள், எல்லாமே ரயிலில்: மிலான், வெரோனா, பதுவா, வெனிஸ், பொலோன்யா, ஃப்ளோரன்ஸ், பீசா, ரோம், நேப்பிள்ஸ். அட்டவணையை இணைத்திருக்கிறேன். அதிவேக ரயில் இருப்பதால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. பொலோன்யாவிலிருந்து ஃப்ளோரன்ஸுக்கு 37 நிமிடம்தானாம்!

எனக்கு இரண்டு கேள்விகள். ரயில் பாஸ் வாங்குவது லாபமா? இரண்டாவது கொஞ்சம் சங்கடமானது. அட்டவணை போடும்போதே எங்களுக்குள் மூன்று முறை சண்டை வந்துவிட்டது. அவளுக்குக் கடைவீதி, எனக்கு அருங்காட்சியகம். சேர்ந்து பயணம் போனால் நட்பு கெடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள் நண்பருடன் இத்தாலியில் சுற்றியதாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். நான் தனியாகப் போவதே நல்லதா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

பயண யோசனை கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உங்கள் கடிதம் வந்து சேர்ந்த நேரம். போன வாரம் அந்த நண்பன் தொலைபேசியில் அழைத்தான். முட்டியில் அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டில் படுத்திருக்கிறான். மருந்து, பிசியோதெரபி, மருமகளின் சமையல் எல்லாம் பேசி முடித்த பிறகு, "நாம சண்டை போட்டுட்டு மலைமேல ஒரு ஸ்டேஷன்ல உக்காந்திருந்தோமே, அந்த ஊர் பேர் என்னடா?" என்று கேட்டான். எனக்கும் நினைவில்லை. 1999 அக்டோபரில் அந்த நடைமேடையில் அடித்த குளிர் நினைவிருக்கிறது, பெஞ்சின் ஈரம் நினைவிருக்கிறது, ஊர்ப் பெயர் மட்டும் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போய்க்கொண்டே இருந்தது. அந்தத் தவிப்பு அடங்குவதற்குள் உங்கள் அட்டவணை வந்தது.

கல்யாணச் சமையல்காரர்கூட இவ்வளவு துல்லியமாகப் பட்டியல் போடமாட்டார். ரயிலுக்கு மஞ்சள், சாப்பாட்டுக்குப் பச்சை, அருங்காட்சியகத்துக்குச் சிவப்பு. சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். பீசாவை அடித்துவிடுங்கள், 45 நிமிடம் என்ற குறிப்பே, கோபுரத்தைக் கையால் தாங்குவதுபோலப் படம் எடுத்துக்கொண்டு ஓடிவரத்தான் போகிறீர்கள் என்று சொல்லிவிடுகிறது. ஜேப்படிக்குப் பயந்து அரைப்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கூட்டத்தில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். நேப்பிள்ஸையும் பொம்பெய்யையும் ஒரே நாளில் அடைத்திருப்பது அநியாயம், ஆனால் அதைப் பேச ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது.

என்னை நிறுத்தியது ஐந்தாம் நாள். "பொலோன்யா – ஃப்ளோரன்ஸ், 37 நிமிடம்" என்று எழுதிப் பக்கத்தில் ஒரு சிரிப்பு முகமும் போட்டிருக்கிறீர்கள். என் சண்டை அந்தச் சிரிப்பு முகத்தோடுதான்.

அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே அப்பெனைன் மலைத்தொடர் கிடக்கிறது. அதைத் தாண்டுவதற்கு ரயில்காரர்கள் மூன்று முறை பாதை போட்டிருக்கிறார்கள். முதல் பாதை 1864இல் வந்தது. ப்ரோட்ஷ் என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் தலைமையில், ரேனோ ஆற்றின் கையைப் பிடித்துக்கொண்டு, அதை இக்கரைக்கும் அக்கரைக்குமாகப் பலமுறை தாண்டி, நாற்பதுக்கும் மேற்பட்ட குகைப்பாதைகளில் நுழைந்து வெளிவந்து, உச்சியிலிருந்து 25 கிலோமீட்டருக்குள் சுமார் 550 மீட்டர் சரிந்து, பிஸ்தோயா என்ற ஊரில் சமவெளியைத் தொடுகிற பொரெத்தானா பாதை அது. நீராவி எஞ்சின் ஏற்றத்தில் திணறும்போது குகைக்குள் புகை தேங்கி ஓட்டுநர்களுக்கு மூச்சு முட்டியது. சக்கார்தோ என்ற பொறியாளர் குகைவாயிலிலிருந்து காற்றைச் செலுத்தும் ராட்சத விசிறி அமைப்பை இந்தப் பாதைக்காகத்தான் உருவாக்கினார். இரண்டாவது பாதை 1934இல் வந்தது. மலையின் அடிவயிற்றில் 18.5 கிலோமீட்டருக்கு ஒரே சுரங்கம். அதன் நடுவில் நிலத்துக்கடியில் ஒரு ஸ்டேஷன்கூட இருந்தது. அங்கே இறங்கியவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஏறித்தான் மேலே இருந்த சிற்றூருக்குப் போக முடியும். மூன்றாவது, 2009இல் திறந்த உங்கள் அதிவேகப் பாதை. அதன் நீளம் சுமார் 78 கிலோமீட்டர், அதில் சுமார் 73 கிலோமீட்டர் சுரங்கம்.

கணக்கில் கெட்டிக்காரரான நீங்களே கழித்துப் பாருங்கள். மிச்சம் ஐந்து கிலோமீட்டர் வெளிச்சம். மற்ற நேரமெல்லாம் கருத்த ஜன்னல் கண்ணாடியில் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு போகலாம். அதற்கு இத்தாலி வரை போக வேண்டியதில்லை.

நகரம்தானே பார்க்கப் போகிறோம், மலை எதற்கு என்று கேட்பீர்கள். மலை இல்லாவிட்டால் அந்த நகரங்கள் இரண்டாகவே இருந்திருக்காது, அம்மா. 1859 வரை பொலோன்யா போப்பாண்டவரின் அரசில் இருந்தது, ஃப்ளோரன்ஸ் டஸ்கனி கோமகனின் அரசில் இருந்தது. மலைமேல் எல்லையும் சுங்கச்சாவடியும் இருந்தன. வடக்கே பொலோன்யாவில் வெண்ணெயும் பன்றிக்கொழுப்பும் முட்டை சேர்த்துப் பிசைந்த மாவும்; தெற்கே இறங்கினால் ஆலிவ் எண்ணெயும் உப்பே போடாத ரொட்டியும். அந்த ரொட்டியை முதல்முறை கடித்தபோது, கடைக்காரர் உப்புப் போட மறந்துவிட்டார் என்று என் நண்பன் மனப்பூர்வமாக நம்பினான். செங்கோட்டையில் ஏறிப் புனலூரில் இறங்குகிறவருக்குப் பேச்சும் எண்ணெயும் எங்கே மாறுகின்றன என்று தெரியும். தென்காசிக்காரரான நீங்கள் இதைக் கேட்கலாமா? மலையைத் தாண்டினோம் என்பது உடம்புக்குத் தெரியாமல் அடுத்த ஊரில் இறங்குகிறவருக்கு ஒன்பது நகரங்களும் ஒன்பது படங்கள்தான். ஒன்று ஏன் சிவப்புச் செங்கல்லாகவும் இன்னொன்று ஏன் பழுப்புக் கல்லாகவும் இருக்கிறது என்ற கேள்வியே எழாது.

இன்னொன்றும் சொல்கிறேன். நான்காம் நாள் பதுவாவில் ஸ்க்ரொவேஞ்யி சிற்றாலயத்துக்கு முன்பதிவு செய்திருக்கிறீர்கள். நம் அந்தோணியார் கோயில்களில் பதுவை என்பார்களே, அந்த ஊர்தான். பையை வெளியே வைத்துவிட்டு, காற்றின் ஈரத்தைச் சரிசெய்யும் கண்ணாடி அறையில் 15 நிமிடம் உட்கார்ந்து, பிறகு உள்ளே 15 நிமிடம் ஜியோட்டோவின் ஓவியங்களைப் பார்ப்பீர்கள். அந்த ஆழ்ந்த நீலத்துக்குக் கீழே அவர் வரைந்திருக்கும் மொட்டைப் பாறைகளைப் பார்த்துச் சொக்கிப்போவீர்கள். அதற்காக உங்களை மெச்சுகிறேன். ஆனால் அந்த ஜியோட்டோ பிறந்ததாகச் சொல்லப்படும் முகெல்லோ பள்ளத்தாக்குக்கு அடியில்தான் மறுநாள் உங்கள் 37 நிமிட ரயில் இருட்டில் போகிறது. அந்தச் சுரங்கங்களைத் தோண்டியபோது முகெல்லோவின் ஓடைகளும் ஊற்றுகளும் கிணறுகளும் பல இடங்களில் வற்றிப்போயின. வழக்கு நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நடந்தது. உங்கள் பயணச்சீட்டின் விலையில் அந்தத் தண்ணீர் சேரவில்லை.

பொலோன்யாவில் அதிவேக ரயில்களுக்கென்று 2013இல் நிலத்தடியில் தனி ஸ்டேஷன் திறந்துவிட்டார்கள். இரண்டரை மணி நேரத்தில் சாப்பிட்டுவிட்டு அங்கே இறங்கிவிட்டால், மேலே இருக்கும் பழைய ஸ்டேஷனைப் பார்க்காமலே போய்விடுவீர்கள். தயவுசெய்து மேலே போங்கள். 1980 ஆகஸ்ட் 2ஆம் தேதி, கோடை விடுமுறைக் கூட்டத்தின் நடுவே, அங்கே இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். சுவரில் அந்தப் பிளவை அப்படியே விட்டிருக்கிறார்கள். வெளிப்புறக் கடிகாரம் 10.25இல் நிற்கிறது. கல்வெட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே வயது இருக்கிறது, பலருக்கு உங்கள் வயதுதான். நானும் நண்பனும் முதுகுப்பையைக் கழற்றாமலே அதைக் கடைசிவரை படித்தோம்.

அங்கிருந்து தெற்கே போகும் சின்ன ரயிலுக்குச் சீட்டு எடுத்தோம். பிராந்திய ரயிலின் காகிதச் சீட்டை ஏறும் முன் நடைமேடையிலுள்ள பெட்டியில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். அன்று அது மஞ்சள் பெட்டி. நண்பன் வங்கிக்காரன், விதி என்றால் விதி. "குத்திட்டு வந்துடலாம்" என்றான். நான்தான் ஒரு காபி குடித்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன். பிறகு ஓடிப்போய் ஏறினோம். பரிசோதகர் வந்தார், எங்கள் சீட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அபராதம் எழுதினார். இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு போயிற்று. அதுகூடப் பெரிதில்லை. நண்பன் சட்டைப்பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்து, பொதுச்செலவுப் பத்தியை விட்டுவிட்டு, என் பெயருக்குக் கீழே அந்தத் தொகையை எழுதி, அடியில் கோடும் போட்டான். அந்தக் கோட்டைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பதிலுக்கு, அவன் பையில் மூடி கழன்று என் வழிகாட்டிப் புத்தகத்தில் பாதியை எண்ணெயில் ஊறவைத்த அவன் வீட்டுப் புளிக்காய்ச்சலைப் பற்றிச் சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன். அதன் பிறகு பேச்சில்லை. ரயில் அப்போது சாஸோ மார்க்கோனியைத் தாண்டிக்கொண்டிருந்தது. கம்பியில்லாமல் செய்தி அனுப்ப வழி கண்டாரே மார்க்கோனி, அவர் பெயரைத் தாங்கிய ஊர். எதிரெதிர் இருக்கையில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்த எங்களிடையே எந்தச் செய்தியும் போகவில்லை.

பொரெத்தா தெர்மேயில் ரயில் மாறினோம், மௌனமாகவே. செங்குத்தான கஷ்கொட்டைக் காடுகள். மூன்று நான்கு ஊர்கள் தாண்டி ஒரு சிறு நிலையத்தில் நண்பன் சட்டென்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான். பாஸ்போர்ட் இரண்டும் அவனிடம் இருந்ததால் நானும் குதித்தேன். ரயில் போய்விட்டது, அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரம். ஸ்டேஷனை ஒட்டி ரேனோ ஓடிக்கொண்டிருந்தது, அங்கே அது ஒரு வாய்க்கால் அகலம்தான். அவன் ரொட்டியைப் பிய்த்து, மிச்சமிருந்த புளிக்காய்ச்சலைத் தடவி, பாதியை என் பக்கம் நகர்த்தினான். நான் அதை எடுத்துத் தின்றேன். அவன் ஒரு காய்ந்த இலையை ஆற்றில் போட்டான், அது நாங்கள் வந்த திசையில், பொலோன்யாவை நோக்கிப் போயிற்று. காலையிலிருந்து ஆற்றுக்கு எதிராகவே ஏறி வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனும் அதைத்தான் நினைத்தான் என்று பிறகு சொன்னான்.

அடுத்த ரயில் கிளம்பியதும் ஒரு நீண்ட குகை. நாங்கள் இருவரும் ஒரே ஜன்னலில் முகத்தை வைத்துக் காத்திருந்தோம். வெளியே வந்ததும் கீழே பள்ளத்தில் ஒரு ஓடை தெரிந்தது, ரயில் போகும் திசையிலேயே ஓடியது. நண்பன் கண்ணாடியை விரலால் தட்டி, "தண்ணி மாறிடுச்சுடா" என்றான். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு எங்களிடையே வந்த முதல் பேச்சு அது. பின்னால் விட்டுவந்த தண்ணீர் அட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது, இந்தத் தண்ணீர் ஃப்ளோரன்ஸ் வழியாக ஓடும் ஆர்னோ ஆற்றில் விழுந்து மேற்குக் கடலுக்குப் போகிறது. பிஸ்தோயா சமவெளி கீழே விரியும்வரை அவன் வாய் ஓயவில்லை.

தனியாகப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போகலாம், யார் தடுத்தார்கள்? ஆனால் கடைவீதியா அருங்காட்சியகமா என்பதெல்லாம் ஒரு சண்டையா? ஒன்பது மணிக்குப் பிரியுங்கள், ஐந்து மணிக்கு ஸ்டேஷன் வாசலில் சந்தியுங்கள். ரயிலில் மட்டும் சேர்ந்து போங்கள், அதுவும் நான் சொன்ன ரயிலில். மாறும் நேரத்தோடு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். மண்சரிவு வந்தால் மலைப்பகுதியில் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வேலைநிறுத்த நாளாக இருந்தால், வாரநாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட ரயில்கள் ஓடும். காகிதச் சீட்டென்றால் முத்திரை குத்த மறக்காதீர்கள்.  பாஸ் வேண்டாம், பாஸ் இருந்தாலும் அதிவேக ரயிலில் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும், சின்ன ரயில்களின் கட்டணமோ தூரத்துக்கு இவ்வளவு என்று நிலையானது, கடைசி நிமிடத்தில் எடுத்தாலும் ஏறாது.

உங்கள் ஐந்தாம் நாளைத் திட்டிக்கொண்டே வரைபடத்தை விரித்து, பொலோன்யாவிலிருந்து ரேனோ வழியாக விரலை மேலே நகர்த்தியபோது அந்தப் பெயர் கிடைத்தது. பிராக்கியா. உடனே நண்பனை அழைத்துச் சொன்னேன். "இரு, சரிதானான்னு பாத்துடறேன்" என்று மருமகளை அனுப்பிப் பரணிலிருந்து அந்தப் பழைய கணக்கு நோட்டை எடுத்துவரச் சொன்னான். பக்கங்கள் புரளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஊர்ப் பெயரை எங்கேயும் எழுதவில்லையாம். அபராதம் மட்டும் இருக்கிறதாம், என் பெயருக்குக் கீழே, கோட்டோடு.