காலிமுகத்திடலும் மாமாவும் – ஒரு கடிதம்

மதிப்புக்குரிய ஐயா,

ராஜபக்ச ஆட்சிக்கு எதிரான 'அறகலய' என்ற மக்கள் போராட்டம் பற்றிய உங்கள் உரையில், அதில் சேர வடக்குத் தமிழர் காட்டிய தயக்கத்தை 'நியாயமானது' என்ற ஒரு சொல்லோடு கடந்துவிட்டீர்கள். 2022 இல் வெள்ளவத்தையிலிருந்து நாள்தோறும் காலிமுகத்திடலுக்குப் போனவள் நான். தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டபோது அழுதேன். யாழ்ப்பாணத்திலிருக்கும் என் மாமாவோ, "அது அவையின்ர பிரச்சினை" என்றார். அவர்மீது எனக்கு இன்னமும் கோபம் தீரவில்லை. ஓர் அரிய வாய்ப்பை நாம் தவறவிட்டோம் அல்லவா?

— ஒரு வாசகி, கொழும்பு

அன்புள்ள வாசகிக்கு,

ஒரு சொல்லோடு கடந்தது என் பிழைதான். நீங்கள் நின்ற கூடாரங்களுக்கு எதிரே இருக்கும் ஜனாதிபதி செயலகம்தான் பழைய நாடாளுமன்றம். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச்சிங்களச் சட்டமூலம் அங்கே விவாதத்துக்கு வந்த 1956 ஜூன் 5 அன்று, செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் அதே திடலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கும்பலொன்று அவர்களைத் தாக்கியது; பொலிஸார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 2022 மே 9 அன்றும் பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகையிலிருந்து புறப்பட்ட கும்பலொன்று அங்கிருந்தவர்களை அடித்து நொறுக்கியது. ஆனால் அன்றைக்கே பிரதமர் மகிந்த ராஜபக்ச பதவி விலகினார், நாடெங்கும் ஆளுங்கட்சியினரின் வீடுகள் எரிந்தன. 1956 இலோ அடித்தவர்கள்மீது எவரும் கோபப்படவில்லை. வன்முறை அடிவாங்கியவர்களின் இனத்தைத் தேடிக் கிழக்கிலுள்ள கல்லோயாவரை போனது. அடி ஒன்றாக இருந்தும் அதற்குக் கிடைத்த மறுமொழி இப்படி வேறாக இருந்ததை வைத்தே உங்கள் மாமாவின் தலைமுறை 'அறகலய'வை அளந்தது.

பெற்றோல் வரிசையும் இருட்டும் தெற்குக்குத் திடுக்கிடலாக வந்தன. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டி, ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஊருக்கு அவை பழைய செய்தி. (இதைச் சிலர் பெருமைபோலச் சொல்லித் திரிந்தது எனக்கும் பிடிக்கவில்லை, பட்டினியில் மூப்புரிமை கொண்டாட எதுவுமில்லை.)

இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 முதல் தெருவோரத்தில் அமர்ந்து போராடி வந்தார்கள். காலிமுகத்திடலில் முதற்கூடாரம் எழுந்தபோது அவர்களுக்கு 1,870 நாள்களுக்கு மேல் கடந்திருந்தன. நீங்கள் 'கோட்டா கோ ஹோம்' என்று முழங்கிய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சதான் போரின் இறுதிக்கட்டத்தில் பாதுகாப்புச் செயலாளர். நீங்கள் அவரை வீட்டுக்குப் போகச் சொன்னீர்கள்; அந்தத் தாய்மார் பதில் சொல்லிவிட்டுப் போகச் சொன்னார்கள். அவர் ஜூலை 13 அன்று மாலைதீவுக்குப் பறந்தபோது உங்கள் கோரிக்கை ஏறத்தாழ நிறைவேறியது, அவர்களுடையதோ இன்னும் எட்டாத தூரத்துக்குப் போனது. இவ்விரு கோரிக்கைகளையும் ஒன்றென்று எண்ணியதில்தான் உங்கள் கோபம் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

ஆனாலும் மாமா சொன்னதை நான் அப்படியே ஏற்கவில்லை. அந்த ஆண்டு மே 18 அன்று, அதே திடலில், இறுதிப்போரில் இறந்த தமிழரை நினைந்து காய்ச்சப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிரப்பட்டது. இனப்படுகொலை என்ற சொல்லை அங்கே கூடியிருந்த பலர் ஏற்றிருக்கமாட்டார்கள். போரில் அங்கமிழந்த படையினரின் கூடாரமும் அங்கேதான் இருந்தது. இருந்தும் அந்தக் கஞ்சியைச் சிங்கள இளைஞர்கள் கைநீட்டி வாங்கிக் குடித்தார்கள் என்பதை நான் சிறிதாக எண்ணமாட்டேன். ஆகஸ்டில் 'அறகலய'வில் முன்நின்ற மாணவர் தலைவர் வசந்த முதலிகே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டார். 1979 முதல் நம் பிள்ளைகளை விழுங்கிய அந்தச் சட்டத்தைப் பற்றித் தெற்கில் பலர் அதன்பிறகே காதுகொடுக்கத் தொடங்கினார்கள். 'அவையின்ர பிரச்சினை' என்று மாமா ஒதுக்கியது அங்கே நம்முடையதாகவும் இருந்தது.

தவறவிட்ட வாய்ப்பு என்று கேட்கிறீர்கள். காலிமுகத்திடலுக்கு நாள்தோறும் போன நீங்கள் கிளிநொச்சிக் கொட்டகைக்கு எத்தனை தடவை போனீர்கள் என்று மாமா திருப்பிக் கேட்டால், அந்தக் கேள்விக்கு உங்களிடம் மட்டுமல்ல, என்னிடமும் நல்ல விடை இல்லை.