தலைக்கணக்கும் தண்ணீர்க்கணக்கும்: அடுக்குமாடிச் சங்க விதிகள் பற்றிக் கேள்வி பதில்

பதிவுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதன் பிறகு கும்பகோணத்தில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்பில் ஒன்பது ஆண்டுகள் சங்கச் செயலாளராக இருந்து, வாங்க வேண்டிய வசவுகளை எல்லாம் வாங்கியாகிவிட்டது. ஒரு வீட்டில் எத்தனை பேர் இருக்கலாம், அக்கம்பக்கத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்டவர்களில் பாதிப்பேர் தங்கள் சங்கத்தின் துணைவிதிகளை (பைலா) படித்ததே இல்லை. மீதிப் பேரிடம் அதன் நகல்கூட இல்லை. பதிவு செய்த சங்கமென்றால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு நகல் வாங்கிவிடலாம். முதலில் அதைச் செய்யுங்கள்.

கும்பகோணம்: இரண்டு படுக்கையறை, 850 சதுர அடி, சொந்த வீடு. நாங்கள் நால்வர். ஊரிலிருந்து என் அம்மாவும் மாமாவும் வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டார்கள். நான்கு பேருக்கு மேல் இருந்தால் தலைக்கு மாதம் 300 ரூபாய் என்று சங்கம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. கேட்டால் தேசியக் கட்டட விதித்தொகுப்பைக் காட்டுகிறார்கள்.

அந்த விதித்தொகுப்பில் குடியிருப்புகளுக்கு ஆளுக்கு 12.5 சதுர மீட்டர் என்று ஒரு கணக்கு இருப்பது உண்மைதான். தீப்பிடித்தால் எத்தனை பேர் இறங்கி ஓட வேண்டியிருக்கும், அதற்குப் படிக்கட்டு எவ்வளவு அகலம் வேண்டும் என்று பொறியாளர் போடும் கணக்கு அது. குடும்பத்தில் யார் இருக்கலாம், யார் போக வேண்டும் என்பதற்கு எழுதியதல்ல. சரி, அவர்கள் வழிக்கே போவோம். 850 சதுர அடி ஏறக்குறைய 79 சதுர மீட்டர். 12.5-ஆல் வகுத்தால் ஆறு பேர் வருகிறார்கள். நோட்டீஸ் எழுதியவர் வகுத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

இந்த 300 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம், துணைவிதியைத் திருத்த வேண்டுமானால் பொதுக்குழுவைக் கூட்டிச் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, அதைப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். செயற்குழுவில் ஐந்து பேர் காபி குடித்துக்கொண்டே எடுத்த முடிவை லிப்ட் அருகே ஒட்டினால் அது விதியாகிவிடாது. தீர்மானப் புத்தகத்தைக் காட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பதிவாளருக்கு மனு. சங்கத்தின் நடவடிக்கைகளை விசாரிக்க அந்தச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது.

ஆனால் நோட்டீஸுக்குப் பின்னால் இருப்பது தண்ணீராக இருக்கலாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடுபவர்கள் வைத்துக்கொள்ளும் அளவு. கூடுதலாக இருவர் என்றால் 270 லிட்டர். சம்ப் சிறியதாக இருந்து, பாதாளச் சாக்கடை இணைப்பும் இல்லாமல் செப்டிக் டேங்க் லாரிக்குப் பொதுப்பணத்தில் கொடுக்கிறார்கள் என்றால், அவர்கள் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது.

எங்கள் குடியிருப்பிலும் இதே சண்டை நடந்தது. இரண்டாம் மாடியில் ஏழு பேர் கொண்ட குடும்பம். எல்லாப் பழியும் அவர்கள் தலையில். கடைசியில் வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்தோம். முதல் மாதமே சாயம் வெளுத்துவிட்டது. அதிகம் செலவழித்தது, கணவன் மனைவி இருவர் மட்டும் இருந்த தரைத்தள வீடு. கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியின் மிதவை பழுதாகி, இரவு பகலாக நூல் போலத் தண்ணீர் கசிந்து ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. குற்றம் சாட்டியவர்களில் முதல் ஆள் அந்த வீட்டுக்காரர்தான். அதன் பிறகு தலையை எண்ணும் பேச்சே எழவில்லை. நீங்களாகவே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள்; செலவில் உங்கள் பங்கை முதலில் கொடுங்கள்.

தஞ்சாவூர்: என் வீட்டை ஐந்து மாணவிகளுக்கு விட்டிருக்கிறேன். ஆளுக்கு 4,500 ரூபாய், சாப்பாட்டுக்கு ஒரு சமையல்கார அம்மாவும் வைத்திருக்கிறேன். 'குடும்பங்களுக்கு மட்டும்' என்று சொல்லிச் சங்கம் தண்ணீரை நிறுத்திவிட்டது.

இரண்டு பக்கமும் தவறு. தண்ணீரை நிறுத்தியது முதல் தவறு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வாடகைக்கு இருப்பவருக்குத் தண்ணீர், மின்சாரம் போன்றவற்றை உரிமையாளரோ சொத்தை நிர்வகிப்பவரோ தடுக்கக் கூடாது என்கிறது. எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருந்தால் அங்கேயே மனுக் கொடுக்கலாம்.

பதிவு செய்திருக்கிறீர்களா? செய்திருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் நடத்துவது வாடகை வீடு அல்ல, அம்மா, விடுதி. தலைக்கு இவ்வளவு பணம், சாப்பாடு, சமையலுக்கு ஆள் என்றால் வேறு என்ன பெயர்? தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். சங்கம் விவரம் தெரிந்து புகார் கொடுத்தால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். ஐந்து பேரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஒரே வாடகை கொடுத்து, தாங்களே சமைத்துக்கொள்வது வேறு கதை. அப்போது 'கல்யாணமாகாதவர்களுக்கு இடமில்லை' என்று யார் சொன்னாலும் எந்த விதியின்படி என்று கேட்கலாம்.

மயிலாடுதுறை: மேல் வீட்டில் தவில் வித்வான். விடியற்காலை நாலரைக்கே சாதகம் தொடங்கிவிடுகிறார். என் மாமியாருக்கு இதய நோய். சொன்னால் 'கலையை மதிக்கத் தெரியாதவர்கள்' என்கிறார்.

கலையை மதிப்பவர்களும் ஆறு மணிவரை தூங்கலாம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை இரவு நேரம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. தவில் எந்த ஊரில் 45-க்குள் அடங்கும்?

ஆனால் போலீசுக்குப் போகுமுன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். முகூர்த்த மாதங்களில் அவர் வீட்டிலேயே இருக்க மாட்டார். ஆடியில் கல்யாணம் இல்லை, அப்போதுதான் வீடு அதிரும். ஆக இது வருடம் முழுக்க உள்ள தொல்லையா, சில மாதத் தொல்லையா என்று குறித்து வையுங்கள். எங்கள் மாடியிலும் ஒரு வித்வான் இருந்தார். அவர் வலந்தலையில், அதாவது தவிலின் வலப்பக்கத்தில், விரல்கூட்டைப் போட்டு அடிக்கத் தொடங்கினால், கீழ்வீட்டு அலமாரியில் டபராவும் டம்ளரும் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். சத்தம் கதவு வழியாக வந்ததைவிடத் தரை வழியாக இறங்கியதுதான் அதிகம். தவிலுக்கு அடியில் பழைய மெத்தையைப் போட்டு, அதன்மேல் இரண்டு மடிப்பு ஜமுக்காளம் விரித்தோம். பாதி குறைந்தது. நேரத்தையும் ஏழு மணிக்குத் தள்ளிக்கொண்டார். கேட்கப் போனபோது நான் கூட்டிச்சென்றது தலைவரை அல்ல, கீழ்வீட்டுப் பாட்டியை. வித்வான் மறுக்கவில்லை.

நாகப்பட்டினம்: குடியிருப்பில் மீன் சமைக்கக் கூடாது என்று தீர்மானம் போடப் போகிறார்களாம்.

நாகப்பட்டினத்திலா! போடட்டும், உங்கள் எதிர்ப்பைத் தீர்மானப் புத்தகத்தில் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். சமையலறைக்குள் என்ன கொதிக்கிறது என்பது சங்கத்தின் வேலை அல்ல. மீன் கழுவிய தண்ணீரைப் பொதுக் குழாயடியில் கொட்டுவதும், பொது மாடியில் கருவாடு காயப்போடுவதும் சங்கத்தின் வேலைதான். இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

திருவாரூர்: நாய் வளர்க்கத் தடை விதிக்கலாமா?

முடியாது. பெரும்பான்மை வாக்கு இருந்தாலும் செல்லப் பிராணிகளை முற்றாகத் தடை செய்யக் கூடாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. நாய் படிக்கட்டில் அசுத்தம் செய்தால் சுத்தம் செய்ய வேண்டியவர் அதை வளர்ப்பவர்.

ஸ்ரீரங்கம்: வைகுண்ட ஏகாதசிக்கு உறவினர் பத்துப் பேர் வந்து தங்குவார்கள். விருந்தினர் மூன்று நாளுக்கு மேல் தங்கினால் அபராதமாம்.

ஸ்ரீரங்கத்தில் வீடு வாங்கிவிட்டு ஏகாதசிக்கு ஆள் வரக் கூடாது என்பவரை என்ன சொல்ல! இருந்தாலும் பத்துப் பேர் வருவதைச் சங்கத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாட்ச்மேனிடம் பெயர், வண்டி எண். வேனை வெளியே நிறுத்துவது. ஒரு லாரித் தண்ணீர் உங்கள் செலவில். கும்பகோணத்துக்காரர்கள் இதை இப்போதே குறித்துக்கொள்ளலாம். 2016-க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028-இல். அப்போது மாமனார் வழி, மைத்துனர் வழி என்று எல்லோருக்கும் உங்கள் முகவரி நினைவுக்கு வரும்.

மன்னார்குடி: மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். பிரசவத்துக்கு நானும் மனைவியும் ஆறு மாதம் போகிறோம். அங்கே வீட்டு உரிமையாளர் சங்கம் படுக்கையறைக்கு இருவர் என்கிறதாம். அவளுக்கு இரண்டு படுக்கையறை, ஏற்கெனவே மூன்று பேர்.

பிள்ளை பிறந்ததும் ஆறு பேர் ஆகிவிடுவீர்கள், அதுதானே கவலை? படுக்கையறைக்கு இருவர் என்பது பொதுவாக நியாயமானது என்று அந்நாட்டு வீட்டுவசதித் துறை 1998-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உண்டு. ஆனால் அறையின் அளவு, குழந்தையின் வயது போன்றவற்றையும் பார்க்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. குழந்தை உள்ள குடும்பத்தைப் பாகுபடுத்துவதும் அங்கே 1988-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி சட்டவிரோதம். ஆகவே பேரக்குழந்தையால் சிக்கல் வருவது அரிது. கவனிக்க வேண்டியது உங்கள் இருவரைத்தான்: 'விருந்தினர்' எத்தனை நாள்வரை விருந்தினர், எப்போது 'குடியிருப்பவர்' ஆகிறார் என்பது அவர்களின் பதிவு செய்த ஆவணத்தில் இருக்கும். அந்த ஒரு பத்தியை மகளைப் படிக்கச் சொல்லி, சங்கத்துக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலை வாங்கிய பிறகு டிக்கெட் போடுங்கள்.

பாபநாசம்: மொட்டைமாடியில் வடாம் பிழியக் கூடாது என்று பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

உங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மொட்டைமாடி பொது என்று இருந்தால் ஒரு சாவி உங்களுக்கும் வேண்டும். யாருக்காவது தனியாக எழுதிக் கொடுத்திருந்தால் அவரைக் கேட்க வேண்டும். சாவி கிடைத்ததும் வேட்டியின் நான்கு முனைக்கும் செங்கல் வையுங்கள். போன சித்திரையில் எங்கள் வீட்டு வடாம் வேட்டியோடு பறந்து மூன்றாம் வீட்டுக்காரர் கார்மேல் ஒட்டிக்கொண்டது. எங்கள் மாடிக்குப் பூட்டு வந்தது அப்படித்தான்.