வயதான பெற்றோருடன் மலைக்கிராமத்தில் குடியேறினால், திடீர் மருத்துவ அவசரத்தை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி கேட்டவர் கோவையிலோ சென்னையிலோ வேலையில் இருக்கிறார், அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு மலைப்பக்கம் ஒரு ஏக்கர் வாங்கி வீடு கட்ட நினைக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். இதே கேள்விக்கு ஏற்கெனவே ஒருவர், "ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில் போய் வாழ்வது அவரவர் தேர்வு, அப்புறம் புலம்பக் கூடாது" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நாங்கள் எங்கும் போய்க் குடியேறவில்லை. என் தாத்தா காலத்திலிருந்து ஈரோடு மாவட்டம் தாளவாடி மலையில்தான் இருக்கிறோம். கோஸ், பீட்ரூட், மக்காச்சோளம் போடுகிறோம். அதெல்லாம் லாரி ஏறி உங்கள் ஊருக்குத்தான் வருகிறது. பயிர் செய்கிறவன் பயிர் இருக்கும் இடத்தில்தான் இருக்க வேண்டும், அதில் தேர்வு எங்கே இருக்கிறது?

சரி, கேள்விக்கு வருகிறேன். முதலில் எங்கள் ஊர் இருக்கிற இடத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். தாளவாடியிலிருந்து சத்தியமங்கலம் இறங்க வேண்டும் என்றால் ஆசனூர், திம்பம் வழியாகப் பண்ணாரிக்கு வர வேண்டும். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றிலும் புலிகள் காப்பகம். பாரம் ஏற்றிய லாரி ஒன்று ஒரு வளைவில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டால் மேலேயும் கீழேயும் மணிக்கணக்கில் வண்டிகள் நிற்கும். இது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியிலிருந்து இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் இருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டு. ஆனால் குறுக்கே நிற்கிற லாரிக்கும் காரப்பள்ளம் சோதனைச் சாவடியில் கரும்பு லோடுக்காகக் காத்திருக்கிற யானைக்கும் அந்த விலக்கு தெரியாது. இன்னொரு பக்கம் கர்நாடக மாநிலத்தின் சாமராஜநகர். சத்தியமங்கலத்தைவிடக் கிட்டே, சமதளச் சாலை. வீட்டில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று வாழ்கிறவர்கள் நாங்கள்.

சில வருடங்களுக்கு முன்னால், மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற சமயம். காட்டுப்பன்றிக்குக் காவலாக அப்பா தோட்டத்துச் சாளையில், அதாவது காவல் குடிசையில் படுப்பார். எப்போதும் பரண் மேல்தான் படுக்கை. அன்றைக்கு மழை என்பதால் கீழே இறங்கி, சாக்கு விரித்துத் தரையில் படுத்திருக்கிறார். விடிவதற்கு வெகு நேரம் முன்பே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வயிற்று வலி என்றார். வாய்வாக இருக்கும் என்று அம்மா ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். குடித்ததில் பாதி கடைவாயில் வழிந்தது. "முழுங்க வரமாட்டேங்குது கண்ணு" என்று என்னிடம் சொன்னார். குடித்தவர் பேசுவதுபோல நாக்கு குழறியது. அப்பா வாழ்க்கையில் குடித்ததில்லை.

நான் லைட்டைப் போட்டு முகத்தைப் பார்த்தேன். இரண்டு இமைகளும் பாதி இறங்கியிருந்தன. "என்னைப் பாருங்கப்பா" என்றதும் கண்ணைத் திறக்கவில்லை. தாடையைத் தூக்கி, தலையையே பின்னால் சாய்த்து, இமைக்கு அடியில் இருக்கிற இடுக்கு வழியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

எப்படித் தெரிந்தது என்றால், எங்கள் கிராம சுகாதார செவிலியர் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தார். ராத்திரி தரையில் படுத்தவருக்கு விடிகாலையில் காரணமில்லாமல் வயிற்று வலி, வாந்தி, அதோடு இமை சொருகினால் கட்டுவிரியன் பாம்புக்கடி என்று எடுத்துக்கொள்ளுங்கள், கடிவாய் தேடாதீர்கள் என்றார். கட்டுவிரியன் பல் சின்னது. கொசு கடித்த அளவுகூட வலிக்காமல் போகலாம், வீக்கம் இருக்காது, தூங்குகிறவர் எழுந்திருக்கக்கூட மாட்டார். அதன் விஷம் நரம்புக்கும் தசைக்கும் நடுவில் இருக்கிற தொடர்பை அறுக்கிறது. முதலில் இமை, அடுத்துத் தொண்டை, கடைசியில் மூச்சு. அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நான் போயிருந்தேன். அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன்.

அதற்குள் பெரியப்பா வந்துவிட்டார். பக்கத்து ஊரில் பச்சிலை கொடுக்கிறவரிடம் போகலாம், கைராசிக்காரர் என்றார். நான் முடியாது என்றேன். வாசலில் பெரிய சத்தமே நடந்தது. இங்கே உடனே ஒருவர் வந்து நாட்டு வைத்தியத்தை இழிவாகப் பேசுகிறாய் என்று எழுதுவார் என்று தெரியும். என் பாட்டி சுளுக்குக்கும் மாந்தத்துக்கும் மருந்து கொடுத்தவர், அந்தக் கையில் வளர்ந்தவன் நான். ஆனால் மூச்சை நிறுத்துகிற விஷத்துக்கு மருந்து விஷமுறிவு ஊசி ஒன்றுதான். பச்சிலையில் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள் என்பார்கள். விஷமில்லாத பாம்பும் கடிக்கிறது, விஷப் பாம்பும் சில நேரம் விஷம் இறக்காமல் கடிக்கிறது. அப்படிக் கடிபட்டவர்கள் எதுவும் சாப்பிடாமல் இருந்தாலும் பிழைத்திருப்பார்கள்.

எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஓடினேன். 108 அடித்தால் கன்னடத்தில் எடுத்தார்கள். எல்லையில் போன் சில சமயம் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். நல்ல வேளை எனக்குக் கன்னடம் வரும். ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது என்று விளக்கி, மறுபடி அடித்து, இந்தப் பக்கம் கிடைத்தது. வண்டி வேறு கேஸுக்குப் போயிருக்கிறது, கிளம்பி வருகிறது என்றார்கள். நான் அதற்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த போன் தாளவாடி அரசு ஆஸ்பத்திரிக்கு. அந்த நம்பரை முன்பே வாங்கி வைத்திருந்தேன். "விஷமுறிவு மருந்து இருக்குங்களா, டாக்டர் இருக்காருங்களா?" இரண்டே கேள்வி. இரண்டுக்கும் ஆமாம் என்றார் செவிலியர். மூன்றாவது போன் கோஸ் லோடு அடிக்கிற பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கு. பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு பனியனோடு வந்தார். பின்னால் மெத்தையைப் போட்டு, வாந்தி மூச்சுக்குழாயில் இறங்காமல் இருக்க அப்பாவை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். கட்டை விரலால் இமையைத் தூக்கிப் பார்த்தார். "ஒரே மூச்சில் ஒண்ணு ரெண்டு எண்ணுங்கய்யா" என்றார். அப்பா பத்தைத் தொடவில்லை. உடனே பத்துக் குப்பி மருந்தைக் குளுக்கோஸில் கலந்து ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். என்ன பாம்பு, பார்த்தீர்களா, அடித்தீர்களா என்று யாரும் நேரத்தை வீணாக்கவில்லை. நம் நாட்டில் கொடுக்கிற மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்த ஒரே மருந்துதான். சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் மக்களின் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிற விஷத்திலிருந்துதான் பெரும்பாலும் இந்த மருந்து உருவாகிறது. அந்த மக்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. அப்பா உடம்பில் சொட்டுச் சொட்டாக இறங்கியது அவர்கள் உழைப்பு.

மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கட்டுவிரியன் விஷம் நரம்பில் ஒட்டிக்கொண்ட பிறகு மருந்து கொடுத்தாலும் மூச்சு நிற்கலாம், வென்டிலேட்டர் இருக்கிற இடத்துக்கு இப்போதே போயாக வேண்டும் என்றார். சொந்தக்காரர்கள் எல்லோரும் கோயமுத்தூர் என்றார்கள், அங்கே மாமா இருக்கிறார், நம்ம ஊர், நம்ம பாஷை என்று. பிக்கப் அண்ணன் டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துவிட்டு, திம்பத்தில் லாரி மாட்டி நிற்கிறது என்றார். நான் சாமராஜநகர் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் அங்கே போன் செய்து, ஒரு நோயாளி வருகிறார், வென்டிலேட்டர் தயாராக இருக்கட்டும் என்றார்.

ஆம்புலன்ஸில் கிளம்பி, எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அப்பாவுக்கு மூச்சு தப்ப ஆரம்பித்தது. கூட வந்த மருத்துவ உதவியாளர் ஒரு பெண். முகமூடியை மூக்கு வாயோடு சேர்த்து அழுத்தி, ரப்பர் பையை அமுக்க ஆரம்பித்தார். சாலை குலுங்கக் குலுங்க, ஒற்றைக் கையில் முகமூடி நழுவியது. "நீங்க பையை அமுக்குங்க, நான் மாஸ்க்கைப் பிடிக்கிறேன். நெஞ்சு ஏறுதான்னு மட்டும் பாருங்க, அவசரப்படாதீங்க" என்றார். அஞ்சு எண்ணி ஒரு அமுக்கு. அப்பாவின் சட்டைப் பொத்தான்கள் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு அமுக்கினேன். அவர் கண் மூடியிருந்தது, ஆனால் நாங்கள் பேசுவது எல்லாம் கேட்டது என்று அப்புறம் சொன்னார். கட்டுவிரியன் கடித்தவர் அசைவில்லாமல் கிடப்பதைப் பார்த்து யாரும் முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மூச்சைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் திரும்பி வர வாய்ப்பு உண்டு.

சாமராஜநகரில் இறங்கியதும் குழாய் போட்டு இயந்திரத்தில் இணைத்தார்கள். சில நாட்கள் அப்படியே இருந்தார். பிறகு மெல்ல விரல் அசைந்தது, இமை தூக்கியது. குழாய் எடுத்த பிறகும் தொண்டை கரகரப்புப் போக நாளானது. இப்போது நன்றாக இருக்கிறார். சாளையில் கயிற்றுக் கட்டில் போட்டு, கொசுவலை கட்டி, அதன் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகித்தான் படுக்கிறார். கட்டுவிரியனுக்கு இதைவிட மலிவான தடுப்பு கிடையாது.

கர்நாடகத்தை உயர்த்தித் தமிழ்நாட்டைத் தாழ்த்துகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். முதல் குப்பி மருந்து ஏறியது தாளவாடியில். அது இல்லையென்றால் மற்றதற்கு வேலையே இல்லை. நான் சொல்வது, கிட்டே எங்கே சிகிச்சை தொடங்குமோ அங்கே முதலில் போங்கள், பெயர் பெற்ற பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி வழியில் நேரத்தைத் தொலைக்காதீர்கள் என்பதுதான். நம் நாட்டில் வருடத்துக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில் சாகிறார்கள் என்று ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. அதில் எத்தனை பேர் வழியிலேயே போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. நல்ல காரியம். எங்கே எவ்வளவு மருந்து வேண்டும் என்பது இனிமேலாவது கணக்கில் வரும்.

சிக்னல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். ஆபத்துக்கு மட்டும் இல்லை, அரிசி வாங்கவும் எங்களுக்கு டவர் வேண்டியிருக்கிறது. ரேஷனில் கைரேகை வைத்தால் இயந்திரம் சுற்றிக்கொண்டே இருக்கும். மண்ணில் வேலை செய்து ரேகை தேய்ந்துபோன கிழவிகள் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்துவிட்டு, நாளைக்கு வாங்க என்ற பதிலோடு காட்டு வழியில் திரும்பி நடக்கிறார்கள். யானை நடமாடுகிற வழி அது. நாங்கள் எழுதிக் கொடுக்காத மனு இல்லை. நகரத்தில் உட்கார்ந்து எல்லாம் டிஜிட்டல் என்கிறவர்கள் ஒரு நாள் அந்த வரிசையில் நின்று பார்க்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் வயதான பெற்றோர் என்பதால் பாம்பைவிட மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும்தான் நீங்கள் அதிகம் தயாராக இருக்க வேண்டும். நான் டாக்டர் இல்லை, ஆகவே மாத்திரை எதுவும் சொல்லமாட்டேன். ஆனால் 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகளைத் துணை சுகாதார நிலையம்வரை வைத்திருக்கிறார்கள். நீங்கள் வாங்குகிற நிலத்துக்கு அந்த நிலையம் எவ்வளவு தூரம், யார் பொறுப்பு என்று பாருங்கள். அந்த ஊர்ச் செவிலியரை வீட்டுக்குக் கூப்பிட்டு அப்பா அம்மாவை அறிமுகப்படுத்துங்கள். பக்கவாதம் என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதுவும் ஸ்கேன் எடுத்த பிறகுதான் போடுவார்கள். ஸ்கேன் எந்த ஊரில் இருக்கிறது, ராத்திரியில் எடுப்பார்களா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

நிலம் பார்க்கப் பகலில் போய்விட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஒரு ராத்திரி அங்கே தங்குங்கள். எந்த இடத்தில் போன் எடுக்கிறது, அந்த நேரத்தில் கூப்பிட்டால் வண்டி எடுத்து வருகிற ஆள் யார், மழையில் அந்தச் சாலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்துத் தோட்டக்காரரோடு நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள், ஆம்புலன்ஸுக்கு முன்னால் வருகிறவர் அவர்தான். தாளவாடிப் பக்கம் பார்ப்பதாக இருந்தால் எந்தக் கிராமம் என்று கீழே கேளுங்கள், அங்கிருந்து எது கிட்டே என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.